அயலார் வழியும் சைவர் கடனும்

சிவமயம்

சைவாசிரியர்களாகிய அன்பர்களே,

யாழ்ப்பாணத்துக் காணி உறுதிகளை வாசித்தவர்கள் ஒரு செய்தியை அறிவர். காணியின் பரப்பையும் நான்கெல்லையையும் எழுதியபின், கிணற்றிலே பங்கும் வழிவாய்க்காற் பாத்தியமும் இன்ன வளவாருக்கு உண்டு என்று நொத்தாரிசு ஒரு வரி சேர்ப்பார். காணியை வாங்கும்பொழுது அந்த வரியை நாம் பொருட்படுத்துவதில்லை. குடிபுகுந்தபின்போ, அதுவே நமக்கு முள்ளாகின்றது. பின்வளவார் விடியற்காலையிலே நம் முற்றத்து ஓரமாக நடக்கின்றார். அவர் பிள்ளைகள் துவிச்சக்கரவண்டியின் மணியை அடித்துச் செல்கின்றார்கள். படலை திறந்தபடி கிடக்கின்றது. ஆடு உள்ளே வந்து கத்தரிக்கன்றை மேய்கின்றது. "இது யாருடைய வளவு?" என்னுஞ் சினம் நெஞ்சிலே எழுகின்றது.

அந்தச் சினத்தைக் குறித்தே இன்று சில சொல்ல விரும்புகின்றேன். வேலிச் சண்டை சமய விஷயமாகுமா என்று சிலர் வினாவுவர். ஆம் என்க. கோயிலிலே நாம் கைகூப்பி நிற்றலை ஊரார் காண்பர். நமது படலையடியிலே நாம் நிற்கும் நிலையைச் சிவபெருமான் காண்பர்.

முன்னர் என் குற்றத்தைச் சொல்லுகின்றேன். எனது வளவின் மேற்கோரமாக ஒரு வழி உண்டு. பின்னேயுள்ள இரண்டு வீட்டாரும் ஒழுங்கைக்குச் செல்ல அதுவே நேர்வழி. என் தந்தையார் காலத்திலே எங்கள் வளவுக்குக் கிடுகுவேலி இருந்தது. வேலியிலே ஒரு பொட்டும் இருந்தது. அதனூடாக மனிதர் சென்றனர். கறியும் பலகாரமும் சென்றன. நன்மை தீமைகளுக்குச் சொல்லுஞ் செய்தியும் சென்றது. நான் மதில் கட்டினேன். வழியின் வாயிலிலே இரும்புப் படலை இட்டேன். ஊரிலே களவு நடக்கின்றது என்று கேட்டு, இரவிலே அதனைப் பூட்டினேன். காலையிலே பூசையும் உணவும் முடித்து, நான் பாடசாலைக்குப் புறப்படும் வேளையிலேயே, ஏழு மணியளவில், திறந்தேன்.

அவ்வருடத்து மாரிகாலத்திலே, பின்வளவுப் பிள்ளை ஒருவன் என் வகுப்பிலே கற்றான். அவன் பலநாள் பிந்தி வந்தான். முழங்கால் வரை சேறு. காரணம் வினாவினேன். தலைகுனிந்து நின்றானேயன்றி ஒன்றுஞ் சொல்லவில்லை. சோம்பல் என்று கருதி, அவனை எல்லாருக்கும் முன்னே நிறுத்தி, காலந்தவறாமையைக் குறித்து ஒரு பிரசங்கமுஞ் செய்தேன். நான் மோட்டார்சைக்கிளிலே பத்து நிமிஷத்திற் செல்லுந் தூரம், அவனுக்கு முக்கால் மணி நேர நடை என்பதை எண்ணினேனல்லேன்.

ஒருநாள் மாலை அவன் தாயார் என் வீட்டுக்கு வந்தார். மகன் பிந்துவதற்காக மன்னிப்புக் கேட்கவே வந்தார். "வயற்கரையாலே சுற்றி வருகிறபடியால், ஐயா, வெள்ளத்திலே பிள்ளைக்கு நேரம் போய்விடுகிறது" என்றார். ஏன் சுற்றி வரவேண்டும் என்று கேட்டேன். அவ்வம்மையார் மறுமொழி சொல்லாமல் நிலத்தைப் பார்த்தார். அப்பொழுதே எனக்கு என் படலையின் பூட்டு நினைவுக்கு வந்தது. பூட்டியவன் நான், பிந்தினான் என்று இடாப்பிலே குறித்தவனும் நான். இரண்டையும் ஒன்றுசேர்த்து எண்ண என் கல்வி எனக்கு உதவவில்லை. நான் மிஷன் பாடசாலையிலே படித்தவன். அயலாரிடத்து அன்பு வேண்டும் என்னும் போதனையை அங்கே நாடோறுங் கேட்டேன். அது பிறசமயத்தார் போதனை என்று ஒருபுறம் வைத்துவிட்டு, எமது சமயம் அதனை எவ்வாறு விதித்தது என்றும் ஆராயாதிருந்தேன். இரண்டு பள்ளிக்கும் பயன்படாத மாணாக்கனாயினேன்.

இனி, வழிப் பாத்தியம் என்பது யாது என ஆராய்வோம். அது நாம் இடும் பிச்சையன்று. இலங்கையிலே இவ்விஷயத்துக்கு உரோமன் ஒல்லாந்தச் சட்டமே அடிப்படை. உறுதியினாலே வழியுரிமை வரும். வேறு வழியே இல்லாத காணிக்கு அவசியத்தினாலே வரும். 1871 ஆம் ஆண்டு 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, பத்து வருடம் இடையறாது, பிறர் அனுமதியை வேண்டாது, உரிமையாகவே நடந்துவந்தமையினாலும் வரும். இவ்வுரிமை ஆளைப் பற்றியதன்று, காணியைப் பற்றியது. காணி கைமாறினும் உரிமை மாறாது. வழியோடு கூடிய காணியை வாங்கியவர் அவ்வழியையும் எண்ணியே விலை பேசியிருப்பர், அல்லது பேசியிருத்தல் வேண்டும். ஆதலால், உள்ள வழியை அடைத்தல் தன்னுடையதைக் காத்தலன்று, பிறருடையதைக் கவர்தலேயாம். வருடத்துக்கு ஒருமுறை வேலி அடைக்கும்போது கதியாலை நான்கு விரல் தள்ளி நடுகின்றவர் நம்முள்ளே இல்லையா? கள்ளாமையை வகுப்பிலே போதித்து, கதியாலிலே களவு செய்தல் தகுமா?

"உரிமை இல்லாதவருக்கும் இரக்கத்தினாலே வழிவிட்டால், நாளடைவிலே அது உரிமையாகிவிடுமே" என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் வேண்டாம். உடையவரின் அனுமதியோடு நடப்பவருக்கு, அவ்வனுமதியிலே நடக்கும்வரை, எத்தனை வருடஞ் சென்றாலும் அந்நடையினாலே உரிமை பிறவாது. இருவரும் ஒரு தாளிலே எழுதிக் கையொப்பமிட்டு வைத்தால் அச்சமுந் தீரும், அன்பும் வளரும். சட்டம் நம் ஈகைக்குத் தடையன்று. தடையாயிருப்பது நம் மனமே.

மனத்திலே உள்ள தடை யாது? யான் என்பதும் எனது என்பதுமாகிய செருக்கு. தநு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கையும் ஆன்மாக்களின் பொருட்டுச் சிவபெருமானே தந்தருளினார் என்று சைவசித்தாந்தங் கூறும். புவனம் அவர் தந்ததாயின், பத்துப் பரப்புக் காணி யாருடையது? உறுதி நம் பெயரிலே இருக்கலாம். நாம் பிறக்குமுன் அந்நிலம் இருந்தது. நாம் நீறானபின்னும் இருக்கும். நன்றாக எண்ணினால், இவ்வுலகத்திலே நமக்கு உள்ளது வழிப் பாத்தியம் மாத்திரமே. உடையவர் ஒருவர், நாம் அவர் வளவினூடாக நடந்து போகின்றவர்கள். அவ்வுடையவர் ஒருநாளாயினும் நமக்குப் படலையைப் பூட்டினாரா?

திருப்புன்கூரிலே நடந்ததை நீங்கள் மாணாக்கருக்குப் பலமுறை சொல்லியிருப்பீர்கள். திருநாளைப்போவார் நாயனார் உள்ளே செல்ல இயலாதவராய், வாயிலுக்குப் புறத்தே நின்று சுவாமியைக் காண விரும்பினார். இடையே நந்தி இருந்தது. சுவாமி நந்தியை விலகச் செய்து, அடியாருக்குக் காட்சி கொடுத்தருளினார். அத்தலத்திலே நந்தி நேர்வரிசையினின்றும் விலகி இருத்தலை இன்றும் காணலாம். இங்கே ஒன்றை ஆராய்க. நந்தி அவ்விடத்தைக் கவர்ந்து இருந்ததன்று. அது நந்திக்கு உரிய இடமே. சந்நிதிக்கு நேரே இருந்து சுவாமியை நோக்குதல் நந்திக்கு உரிய தொண்டே. அத்தகைய நந்தியும் ஓர் அடியாரின் பார்வைக்காக விலகிற்று. பிழை செய்தவன் விலகுதல் பெரிதன்று. உரிமை உடையவன் விலகுதலே சைவம்.

இக்கதையைச் சொல்லும்பொழுது நாம் மறைக்கக் கூடாதது ஒன்று உண்டு. நாயனார் புறத்தே நின்றதற்குக் காரணம் அவர் பிறந்த குலம். நம் ஊர்களிலும் கிணற்றுக்குச் செல்லும் வழிகள் பல அக்காரணத்தினாலேயே அடைக்கப்பட்டன. சாதி காரணமாக ஒருவரைத் தடுத்தலைக் குற்றமாக்கி 1957 ஆம் ஆண்டிலே 21 ஆம் இலக்கச் சட்டம் பிறந்தது. அதன் பின்னரும், 1968 ஆம் ஆண்டிலே மாவிட்டபுரத்துக் கந்தசுவாமி கோயில் வாயிலிலே வழி கேட்டுச் சைவர்கள் நின்றார்கள்; வழி மறித்து நின்றவர்களும் சைவர்களே. அந்த வெட்கத்தை நாம் இன்னுங் கழுவித் தீர்க்கவில்லை. பின்வளவார் இன்ன குலத்தார் என்பதற்காக வழியைக் குறுக்குபவர், நந்தியை விலக்கிய சுவாமிக்கு எதிரே நிற்கின்றவர் என்றறிக.

இன்னொன்றையும் நினைப்பூட்டுகின்றேன். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவிலே வீடுவாசல் விட்டு, மழையிலே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்றோமே. அன்று யாருடைய வளவினூடாக நடந்தோம்? யாருடைய கிணற்றிலே நீர் மொண்டோம்? யாருடைய திண்ணையிலே பிள்ளைகளைக் கிடத்தினோம்? அவர்கள் நம்மிடம் உறுதி கேட்டார்களா? முன்பின் அறியாத வளவுகளிலே வழி பெற்றுப் பிழைத்தவர்கள், ஊர் திரும்பியபின் முதல் வேலையாக மதில் உயர்த்துகின்றோம். பெற்றதை மறத்தல் எத்துணைச் சீக்கிரம்!

அற்றேல், வழி நடப்பவருக்குக் கடன் இல்லையா எனின், உண்டு. வழியுடையவருக்கு மிகக் குறைந்த இடையூறு நேருமாறு நடக்கவேண்டும் என்பதே சட்டமும். கால்நடை வழியை வண்டிப் பாதையாக்குதல் ஆகாது. திறந்த படலையைச் சாத்துதல் வேண்டும். விழுந்த மாங்காயும் வளவாருடையதே. அகால வேளையிலே உரத்துப் பேசுதலும், முற்றத்தை எட்டிப் பார்த்தலும் தகா. வழியிலே முளைத்த நாயுருவியையும் நெருஞ்சியையும் நடப்பவரே ஒருநாள் மண்வெட்டி எடுத்துச் செருக்கினால், வளவார் மனத்து முள்ளும் அதனோடு போம். திருநாவுக்கரசு சுவாமிகள் திருக்கரத்திலே உழவாரப் படையைத் தாங்கித் திருக்கோயில்களின் புல்லைச் செதுக்கிப் பணிசெய்தார். அவருடைய திருப்பெயரைக் கேட்டமாத்திரத்தே அன்பு பூண்ட அப்பூதியடிகள், திங்களூரிலே வழிப்போவாருக்குத் தண்ணீர்ப்பந்தர் அமைத்து அதற்கு அப்பெயரையே இட்டார். வழியைச் சுத்தஞ் செய்தலும், வழிப்போவார் தாகந் தீர்த்தலும் நம் பெரியோர் கைக்கொண்ட தொண்டுகள். நம் வளவின் ஓரத்திலே அவ்விரண்டுக்கும் இடமுண்டு.

ஆசிரியர்களே, பிணக்கு வந்தவிடத்துச் செய்யத்தக்கவற்றையுஞ் சொல்லுகின்றேன். முதலிலே இருவரும் தத்தம் உறுதிகளை எடுத்து, ஒரே திண்ணையிலிருந்து வாசிக்க. வழியின் அகலத்தை இருவரும் ஒன்றாக அளந்து, இரு தலைப்பிலும் கல் நடுக. பூட்டு வேண்டுமாயின் திறப்பு ஒன்றை அவருக்கும் கொடுக்க. பேசித் தீராவிடின், ஊரறிந்த பெரியவர் ஒருவரை நடுவே வைக்க. அதுவும் ஆகாவிடின், 1988 ஆம் ஆண்டு 72 ஆம் இலக்கச் சட்டத்தினாலே உண்டான மத்தியஸ்த சபை இருக்கின்றது. நியாயஸ்தலம் கடைசிப்படியாகட்டும். வழக்கிலே வென்றவரும் மறுநாள் காலையிலே அதே அயலாரின் முகத்திலேதான் விழிக்கவேண்டும். வழக்கை விதையாக வைத்துவிட்டு இறந்தவரின் பிள்ளைகள், காணியை விற்று அவ்விதைக்கு நீர் வார்த்தமையை நாம் காணவில்லையா?

நம் மாணாக்கர் நாம் சொல்வதைக் கொப்பியிலே எழுதிக்கொள்கின்றார்கள். நாம் செய்வதை நெஞ்சிலே எழுதிக்கொள்கின்றார்கள். அயலாரோடு நாம் பேசாதிருந்தால், பேசாமையை அவர்கள் கற்பார்கள்.

என் படலைக்கு இப்பொழுது மூன்று திறப்புகள். ஒன்று என்னிடம், இரண்டு பின்வளவு வீடுகளிலே. நான் திறப்பைக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, அவ்வம்மையார் அதனை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணிலே ஒற்றினார். எனக்கு அது பெரும் நாணமாயிற்று. அவருடையதையே நான் அவருக்குக் கொடுத்தேன். மறுநாள் வகுப்பிலே, எல்லார் முன்னிலையிலும், பிந்தியது அவன் பிழையன்று, என் பிழை என்று சொன்னேன். அந்தப் பிள்ளை அன்றும் தலைகுனிந்தே நின்றான், ஆயினும் சிரித்தான்.

அன்பர்களே, இன்று வீடு திரும்பும்பொழுது உங்கள் வளவின் பின்புறத்தை ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே ஒரு வழி இருந்ததா, அதனை யார் அடைத்தார், அதனாலே சுற்றிப் போகின்றவர் யார் என்று வினாவுங்கள். நமக்கு வழிவிட்ட பெருமானுடைய திருவருள் அவ்வழியே நம் வீட்டினுள்ளும் வருவதாக.

திருச்சிற்றம்பலம்.