யார் கணக்கில் எழுதுவது?

வீட்டை விட்டு வெகுதூரம் போய்ப் படிக்கிற பிள்ளை உங்கள் குடும்பத்தில் உண்டா? உண்டென்றால் ராத்திரி ஒன்பது மணி ஃபோனும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். சாப்பிட்டியா? சாப்பிட்டேன். என்ன? சோறுதான். உடம்பு? நல்லா இருக்கு. சரி, வெச்சிடறேன். மொத்தம் ஒன்றரை நிமிஷம். எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று நாமும் படுத்துத் தூங்கிவிடுகிறோம்.

என் அக்கா மகளும் அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தாள். கொல்கத்தாவில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இரண்டாம் வருஷம். அகில இந்திய ஒதுக்கீட்டில் கிடைத்த இடம். அரசுக் கல்லூரி இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அந்த ஒதுக்கீட்டுக்குப் போகிறது. எந்த மாநிலத்துப் பிள்ளை எந்த மாநிலத்துக்குப் போகும் என்பதை மதிப்பெண்தான் முடிவு செய்யும். கரூரில் பாத்திரக்கடை வைத்திருக்கும் என் அத்தான் மேப்பில் கொல்கத்தாவைத் தேடிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ தூரமா?" என்றார். சென்னையிலிருந்தே சுமார் 1,660 கிலோமீட்டர். ரயிலில் ஒரு நாளைக்கும் மேல்.

பூஜை விடுமுறைக்கு வந்திருந்தாள். நானும் போயிருந்தேன். முதலில் சாப்பாட்டுக் கதை. பிரியாணிக்குள் முழு உருளைக்கிழங்கு. கடுகு எண்ணெய் வாசனை. பருப்பில் லேசாகத் தித்திப்பு. "சோறு கிடைக்குது மாமா, அது போதும். டெல்லிப் பக்கம் போனவங்க சப்பாத்தியைப் பார்த்து அழுறாங்க." அக்கா சிரித்தாள். அத்தானும் சிரித்தார்.

ராத்திரி மொட்டை மாடியில் நானும் அவளும் மட்டும் இருந்தோம். அப்போது சொன்னாள், ஃபோனில் சொல்லாத கதையை.

முதல் வருஷம் அனாடமி. ஒரு மேஜையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர். நடுவில் ஒரு உடல். ஃபார்மலின் நெடி கையை விட்டுப் போகாததால் ஆறு மாசம் ஸ்பூனில்தான் சாப்பிட்டிருக்கிறாள். இவர்கள் மேஜையில் இருந்தவர் ஒரு பெரியவர். கேட்பாரற்ற உடல். முன்கையில் பச்சை குத்தியிருந்தார். இரண்டு வரி எழுத்து. வங்காளமும் இல்லை, இந்தியும் இல்லை. வங்காளப் பிள்ளைகள் இவளிடம் கேட்டார்களாம்: "இது உங்க ஊர் எழுத்தா?"

"தமிழ் இல்லை மாமா. வட்ட வட்டமா இருந்துச்சு. தெலுங்கா, ஒடியாவான்னு எனக்குத் தெரியல. ஒடிசாப் பையன் ஒருத்தன் அடுத்த மேஜையில இருந்தான். அவனைக் கேக்கலாம்னு நினைச்சேன். அன்னிக்கு டைம் ஆயிடுச்சு. அடுத்த வாரம் கேட்டுக்கலாம்னு விட்டுட்டேன்."

கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எங்களுக்கு முதல்ல கைதான். அடுத்த க்ளாஸ்ல தோலை எடுக்கச் சொன்னாங்க. என் டர்ன். நான்தான் எடுத்தேன். கீழே நரம்பு அறுந்துடக் கூடாதேங்கிறதுலயே முழு கவனமும். முடிச்சு, கையைக் கழுவும்போதுதான் ஞாபகம் வந்துச்சு. அந்த எழுத்து போயிடுச்சு மாமா. அது அவர் பேராக்கூட இருந்திருக்கலாம். அவரும் என்னை மாதிரி எங்கேயிருந்தோ வந்தவர்தானே? நான் செஞ்சது தப்பா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? நான் சுலபமான பதிலைச் சொன்னேன். "இறந்துபோனவருக்கு என்னம்மா தெரியப் போகுது?"

"எல்லாரும் அதையேதான் சொல்றாங்க" என்றாள். பதில் அவளுக்குப் போதவில்லை. ஊர் திரும்பும் பஸ்ஸில் யோசித்தபோது எனக்கும் போதவில்லை. இறந்தவருக்கு எதுவும் தெரியாது என்பதுதான் நியாயம் என்றால், அப்பா இறந்தபோது நாம் ஏன் கண்ணை மூடிவிட்டோம்? ஏன் குளிப்பாட்டி, புது வேட்டி கட்டினோம்? நம்முடையவர் என்றால் ஒரு நியாயம், யாரோ என்றால் இன்னொரு நியாயமா?

அந்த மேஜைக்கு யார் வந்து சேருகிறார்கள் என்று பாருங்கள். இங்கிலாந்தில் 1752-ல் ஒரு சட்டம் போட்டார்கள். தூக்கிலிடப்பட்ட கொலைகாரனின் உடலை அறுத்துப் படிக்கலாம் என்று. அப்போது அது தண்டனையின் ஒரு பகுதி. கல்லூரிகள் பெருகின, உடல்கள் போதவில்லை. சவக்குழியைத் தோண்டித் திருடி விற்றார்கள். எடின்பரோவில் 1828-ல் இரண்டு பேர் விற்பதற்காகவே கொலை செய்தது வெளியே வந்தது. 1832-ல் புதுச் சட்டம் வந்தது: அநாதை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் இறந்து, யாரும் உரிமை கோராத ஏழைகளின் உடலைக் கொடுக்கலாம். நேற்று வரை கொலைகாரனுக்குத் தண்டனையாக இருந்தது, அன்று முதல் ஏழைக்கு விதியாகிவிட்டது. நம் மாநிலங்களின் அனாடமி சட்டங்களும் கேட்பாரற்ற உடலுக்கு இதே வழியைத்தான் காட்டின.

அக்கா மகள் படிக்கும் ஊருக்கே இதில் ஒரு சரித்திரம் இருக்கிறது. 1836-ல், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில், ஜாதிக் கட்டுப்பாட்டை மீறி உடலில் கத்தி வைத்தார் பண்டிதர் மதுசூதன் குப்தா. நவீன மருத்துவப் படிப்புக்கு அது ஒரு பெரிய வாசல். அதே ஊரிலிருந்துதான் உலகத்தின் பல மருத்துவக் கல்லூரிகளுக்கு மனித எலும்புக்கூடுகள் கப்பலேறின. 1985-ல் இந்திய அரசு ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை அது ஒரு வியாபாரம். வாசலைத் திறந்தவர் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மேஜையில் கிடந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

அப்படியானால் படிக்கவே கூடாதா? அப்படிச் சொல்ல மாட்டேன். எனக்கு ஆபரேஷன் என்றால், உடம்பின் உள்ளே எது எங்கே இருக்கிறது என்று புத்தகப் படத்தில் மட்டும் பார்த்த டாக்டரிடம் நான் படுக்க மாட்டேன். நீங்களும் மாட்டீர்கள். யாரோ ஒருவர் மேஜையில் கிடந்ததால்தான் இன்று நமக்கு ஊசி போடுகிற கை நரம்பைத் தவறவிடாமல் இருக்கிறது. ஆக, இது அந்தப் பெண்ணின் கணக்கு மட்டும் இல்லை. நம் எல்லோர் கணக்கும்.

கணக்கு என்றதும் என் பி.காம். புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. கல்லூரியில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: வாங்கியதை எழுதாமல் விடக் கூடாது. கொடுத்தவர் வரவில்லை, விலாசம் தெரியவில்லை என்பதற்காக அவர் பணம் உங்கள் லாபமாகிவிடாது. கேட்பாரற்றுக் கிடக்கும் டிவிடெண்டுக்குக்கூட நம் கம்பெனிச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஏழு வருஷம் யாரும் கேட்காவிட்டால், கம்பெனி அதைத் தான் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கென்று இருக்கும் முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியில் கட்டிவிட வேண்டும். அதன் பிறகும் உரியவர் வந்தால் கேட்டு வாங்கலாம். அந்த நிதி எதற்கு? அவரைப் போன்ற மற்ற முதலீட்டாளர்களின் நலனுக்கு.

பணத்துக்கு இவ்வளவு மரியாதை. மனிதனுக்கு?

எனக்குத் தோன்றியது இதுதான். அவள் செய்தது தப்பில்லை. ஆனால் அது கடன். இரண்டும் வேறு வேறு. தப்பு என்றால் வருத்தப்பட்டு, மன்னிப்புக் கேட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விடலாம். கடன் அப்படிப் போகாது. அடைக்கும் வரை ஏட்டில் நிற்கும். "நாளைக்கு ஆயிரம் பேரைக் காப்பாத்தப் போறே, எல்லாம் நேராயிடும்" என்று அவளுக்குச் சொல்லலாம். ஆனால் காசு வாங்கிக்கொண்டு வைத்தியம் பார்ப்பது தொழில். அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த ஆயிரம் பேரையும் இந்தக் கணக்கில் வரவு வைக்க முடியாது. கொடுத்தவர் கிடைக்காவிட்டால், அவரைப் போன்றவருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஊர் விட்டு வந்து, மொழி தெரியாத வார்டில், பக்கத்தில் யாரும் இல்லாமல் கிடப்பவருக்கு.

இன்னொரு வழியும் இருக்கிறது. கேட்டு வாங்குவது. தைவானில் த்ஸு சி பல்கலைக்கழகத்தில் உடல் தானம் செய்தவரை 'மௌன ஆசிரியர்' என்கிறார்கள். மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும், வாழ்க்கை தெரியும். அவர் குடும்பத்தைப் போய்ப் பார்க்கிறார்கள். கொல்கத்தாவில் 2010-ல் ஜோதிபாசு இறந்தபோது, அவர் விருப்பப்படியே உடலை ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தார்கள். முதலமைச்சராக 23 வருஷம் இருந்தவர். அந்த மேஜை ஏழைக்கு மட்டும் எழுதி வைத்ததல்ல என்று செய்து காட்டிவிட்டுப் போனார்.

உபதேசம் செய்கிறேனே, நான் எழுதிக் கொடுத்துவிட்டேனா? இல்லை. உடல் தானப் படிவம் வாங்கி மேஜை டிராயரில் வைத்திருக்கிறேன். வீட்டில் ஒருவர் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். பேச்சை எடுத்தேன். "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?" என்றாள் மனைவி. அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அடுத்த வாரம்! இந்த வார்த்தைக்காகத்தான் அக்கா மகள் மொட்டை மாடியில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு ஃபோன் செய்து, எனக்குத் தோன்றிய தப்பு, கடன் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். இப்போது வார்டுக்குப் போக ஆரம்பித்திருக்கிறாள். ஓரளவு வங்காளம் வந்துவிட்டது. முதல் பாடமே 'கொத்தாய் பேத்தா?' எங்கே வலிக்கிறது? எல்லா மாணவர்களும் அதில்தான் ஆரம்பிப்பார்களாம்.

"நான் அதுக்கு முன்னாடி வேற ஒண்ணு கேக்கறேன் மாமா. 'ஆப்னார் பாடி கொத்தாய்?'"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "என்னது, பாடியா?"

சிரித்தாள். "ஐயோ மாமா, இங்கே பாடின்னா வீடு. உங்க வீடு எங்கேன்னு கேக்கறேன். பேரையும் ஊரையும் நோட்டுல எழுதி வெச்சுக்கறேன். டைம் ஆகுதுன்னு சீனியர் திட்டுவாங்க. பரவாயில்ல."

"சாப்பிட்டியா?" என்றேன்.

"இல்ல மாமா, இனிமேதான்" என்றாள். முதல் தடவையாக உண்மையைச் சொன்னாள் என்று நினைக்கிறேன்.