இரத்தத்தில் ஊறியதா?

2024 ஜூன் மாதத்தில், கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த பாக்கெட் சாராயத்தை அருந்தி மக்கள் மடிந்த செய்தி வந்தபோது நாம் ஒரு தேநீர்க் கடையில் அமர்ந்திருந்தோம். அருகிலிருந்த பெரியவர் நாளிதழை மடித்து வைத்துவிட்டு, "குடி அவங்க இரத்தத்திலேயே ஊறினது" என்றார். கற்றவர் எனப் பெயரெடுத்த நாமும் தலையை அசைத்தோம். மாண்டவர்கள் 60 பேருக்கும் மேல்; பெரும்பாலோர் அன்றாடக் கூலிகள். அன்று தலையசைத்தது இன்றளவும் நம் நெஞ்சை உறுத்துகிறது.

அச்சொல்லில் உண்மை துளியும் இல்லையா? இருக்கிறது, அதனால்தான் அது பொல்லாதது. காக்கையின் கூட்டில் பொரிந்து, காக்கை ஊட்டி வளர்ந்தாலும், பருவம் வந்ததும் குயில் தன் குலத்தின் குரலிலேயே கூவுகிறது. ஃபின்லாந்து விஞ்ஞானிகள் 1960-களில் எலிகளின் முன் தண்ணீரையும் சாராயம் கலந்த நீரையும் வைத்தனர். சாராயத்தை நாடியவற்றைத் தமக்குள்ளும், ஒதுக்கியவற்றைத் தமக்குள்ளும் தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்தனர். குடிக்கும் குலம் ஒன்றும் குடியாக் குலம் ஒன்றும் பிரிந்தன.

மனிதரிடத்தும் இதன் சாயல் உண்டு. மேலைநாடுகளில் இரட்டைப் பிள்ளைகளை ஆராய்ந்தோர், மதுவுக்கு அடிமையாவதில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதி மரபணுக்களால் வருவது என்கின்றனர். 'பாதி' என்றதும் பெரியவர் வென்றுவிட்டதாகத் தோன்றும். சற்றுப் பொறுங்கள். ஒரே மூட்டை விதைநெல்லில் ஒரு பங்கைக் கோமுகி அணைப் பாசனத்தில் விதைப்போம். மறு பங்கைக் கல்வராயன் அடிவாரத்து மானாவாரி மேட்டில் தூவுவோம். ஒரே வயலுக்குள் பயிருக்குப் பயிர் உயரம் மாறுவது விதையின் குணமாய் இருக்கலாம். இரு வயல்களுக்கும் இடையேயுள்ள ஏற்றத்தாழ்வோ முழுதும் தண்ணீரால் வந்தது. ஆராய்ச்சி சொன்னது ஒரு வயலுக்குள் உள்ள கணக்கை. அதைக் கொண்டு ஒரு தெருவையே அளப்பது அறிவியல் அன்று.

இன்னொன்றும் உண்டு, அதை அறிந்தபோதுதான் நாம் திடுக்கிட்டோம். மெத்தனால் உள்ளே போன உருவிலேயே கொல்வதில்லை. ஈரலில் உள்ள ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்னும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாக்குகிறது. வேறொரு நொதி அதனை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. முற்காலத்தில் எறும்புகளிலிருந்து வடித்த அதே அமிலம்! பார்வை நரம்பைக் கெடுப்பதும் உயிரணுக்களின் மூச்சை நிறுத்துவதும் அதுதான். அமிலம் சேரப் பல மணி நேரம் ஆகும். ஆதலால் குடித்தவர் தமக்கு ஒன்றுமில்லை என்றெண்ணி வீடு போய்ப் படுத்துவிடுவதும் உண்டு. அந்த நொதியை உண்டாக்கும் மரபணு கருணாபுரத்தாருக்கு மட்டும் வாய்த்ததன்று. பெரியவரிடமும் இருக்கிறது, நம்மிடமும் இருக்கிறது, ஒரு சொட்டும் தீண்டாத பேணுதலாளரின் ஈரலிலும் இருக்கிறது. எலி மட்டும் அவ்வமிலத்தை விரைந்து எரித்துத் தள்ளிவிடும். மனிதனைக் குருடாக்கும் மெத்தனால் அதை எளிதில் குருடாக்குவதில்லை. மரபு இங்கே கோடு கிழித்திருப்பது மனிதனுக்கும் எலிக்கும் நடுவில். தெருவுக்கும் தெருவுக்கும் நடுவில் அன்று.

வெள்ளையர் ஆட்சி 1871-இல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தது. பிறந்த குலமே குற்றத்திற்குச் சான்றாயிற்று. சென்னை மாகாணத்தில் 1947-லும் நாடெங்கும் 1952-லும் அச்சட்டம் நீங்கியது. அதன் பேச்சு தேநீர்க் கடைகளில் நீங்கியபாடில்லை.

பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் 5,000 ரூபாய் வழங்கப்படும் என்று அரசு அன்று அறிவித்தது. இறந்தவரை நம் சொல் என்ன செய்யும்? 'இரத்தத்தில் ஊறியது' என்பது சென்று தைப்பது இப்பிள்ளைகளை அல்லவா?

மரபைப் பற்றிய பேச்சு ஒன்று நபிமொழித் தொகுப்புகளில் உண்டு. தம் மனைவி கறுத்த மகவை ஈன்றாள் என்று ஐயத்தோடு வந்தார் ஒரு நாட்டுப்புற அரபி. அவருடைய ஒட்டகங்களின் நிறத்தை நபிகள் நாயகம் (ஸல்) வினவினார்கள். சிவப்பு என்றார். அவற்றிடையே சாம்பல் நிறத்ததும் உண்டோ என்று கேட்டார்கள். உண்டு என்றார். அது எங்கிருந்து வந்தது? ஏதோ முன்னோரின் வழி இழுத்திருக்கும் என்றார். உம் மகனையும் அவ்வாறே இழுத்திருக்கலாம் என்றார்கள் நபிகளார். மகவைத் தன் பிள்ளையன்று என மறுக்க அம்மனிதருக்கு அனுமதி கிடைக்கவில்லை.