விரதமும் பட்டினியும்

பென்னலூரில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து, தொழிற்சாலைப் பையன்களுக்கு மாலை வேளையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். பெங்களூர் நெடுஞ்சாலையின் லாரிப் புழுதி, எட்டு அறைக்கு ஒரே குழாய், நள்ளிரவில் ஆட்களை இறக்கிவிட்டுப் போகும் கம்பெனி பஸ். "சென்னையில் வீடு இருக்கும்போது உங்களுக்கு ஏன் சார் இந்தக் கஷ்டம்?" என்று மாணவன் ஒருவன் கேட்டான்.

'உங்களில் ஒருவனாக வாழ்கிறேன்' என்று சொல்லிவிடலாம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது உண்மையா? வேண்டாமென்றால் நாளைக்கே நான் பெட்டியைக் கட்டலாம். ஒடிஸாவிலிருந்து வந்திருக்கும் பக்கத்து அறைக்காரனால் முடியாது. விரதத்திலும் வயிறு காலி, பட்டினியிலும் வயிறு காலி. ஆனால் விரதக்காரனுக்குப் பாரணை நேரம் தெரியும்.

அப்படியானால் இங்கே குடியிருந்து என்ன பயன்? 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாட்டினால் பலர் நோயுற்றபோது, பெண் தொழிலாளர்கள் இதே நெடுஞ்சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்தது. அவர்களுக்கு ஊர்ப் பாஷை இருந்தது, கேட்டார்கள். பக்கத்து அறைக்காரனுக்கு அதுவும் இல்லை. சம்பளச் சீட்டைப் பார்த்து அவன் ஒடியாவில் முணுமுணுப்பது சுவர் வழியே கேட்கிறது. பாடப்புத்தகம் 'நன்றி ஐயா' என்று சொல்லத்தான் கற்பிக்கிறது. 'ஓவர்டைம் காசு ஏன் குறைந்தது?' என்பதை நான் முதல் பாடமாக வைத்தேன்.

அவன் கஷ்டத்தில் எனக்குப் பங்கு உண்டென்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் இருக்கிறேன், காதில் விழுகிறது. விழுந்த பிறகு பழைய பாடத்தையே நடத்துவது நியாயமாகாது.