பண்ணும் பெயரும்
(மொரப்பூரில் நிகழ்த்திய விரிவுரையின் சுருக்கம்)



தீர்த்தமலைப் பெருமானை வழிபடச் செல்வோர் பலர் புகைவண்டியினின்று இறங்கும் ஊர் இம் மொரப்பூர். ஈண்டுத் தேவாரம் பயிலும் இளைஞர் ஒருவர் நேற்று மாலை எம்மை வினவியதாவது: "ஐயா, காந்தாரம், பியந்தைக்காந்தாரம், கொல்லி, கொல்லிக்கௌவாணம் என ஏட்டில் நான்கு தலைப்புகள் உள்ளன. எமக்குக் கற்பித்த ஓதுவார் இந்நான்கையும் நவரோசிலேயே பாடுவித்தார். செவிக்கு ஒன்றாயிருப்பதற்கு நான்கு பெயர் எற்றுக்கு? யாங்கள் அச்சிடவிருக்கும் பாராயணத் தொகுப்பில் இராகத்தின் பெயரை இட்டுப் பண்ணின் பெயரை விடுத்தால் குற்றமாமோ?" எளிய வினாவென்று விடை கூறப் புக்க யாம், இரவு நெடுநேரம் அதனையே சிந்தித்திருந்தோம்.

பண்களின் பெயர்கள் ஒரு முறைபற்றி எழுந்தனவல்ல. குறிஞ்சி திணையின் பெயர். பஞ்சமம் சுரத்தின் பெயர். கொல்லி, இங்கிருந்து தெற்கே நிற்கும் மலைக்கும் பெயர். அப்பர் பெருமான் அருளிய நேரிசை, விருத்தம், குறுந்தொகை, தாண்டகம் என்பனவோ யாப்பால் வந்த பெயர்கள். யாழ்மூரி ஒரு நிகழ்ச்சியால் வந்தது. அது நிகழ்ந்த தருமபுரம் காரைக்காலை அடுத்துளது. நம் தகடூராகிய தருமபுரி என மயங்குவாரும் உளர். பெயரொற்றுமை ஒன்றையே பற்றி நடப்பார் இடறுவதற்கு இதுவும் ஒரு சான்று.

பெயரைப் பற்றி நம் ஆசிரியர் கூறுவது யாது? சிவஞான சித்தியாரின் அளவையியலில், பொருளின் உண்மை மாத்திரையே தோன்றுவது நிருவிகற்பக் காட்சி என்றும், பெயர், சாதி, குணம், கன்மம், பொருள் என்னும் ஐந்தனோடும் கூட்டி அறிவது சவிகற்பக் காட்சி என்றும் வகுத்தனர். சந்நிதியில் பதிகம் கேட்டு, இன்ன பண்ணென அறியாமலே உள்ளம் உருகுவார்க்கு முன்னது வாய்த்தது. அவர்க்குப் பண்ணின் பெயர் வேண்டுவதின்று. பாடுவார்க்கோ பின்னதும் வேண்டும். அவர்க்கும் பெயர் ஐந்தனுள் ஒன்றே. பெயரறிந்த அளவானே பண்ணறிந்தவராகார்.

இளைஞர் கூறிய நான்கிற்கு வருவோம். காந்தாரமும் பியந்தைக்காந்தாரமும் பகற்பண்கள். கொல்லியும் கொல்லிக்கௌவாணமும் இராப்பண்கள். நவரோசு என்று மாத்திரம் அச்சிடின், காலையிற் பாடுவது இது, இரவிற் பாடுவது இது என்னும் வேறுபாடு அவ்வேட்டினின்று ஒழியும். ஓசை ஒன்றாயினமையின் காலமும் ஒன்றாதல் வேண்டுமோ? இவை முன்னர் வேறு வேறு ஓசையுடையனவாய் இருந்திருத்தலும் கூடும். அதனை ஆராயப் புகுவார்க்கு எஞ்சிய தடம் இத்தலைப்பே.

குறிஞ்சியின் நிலை இதற்கு மறுதலை. வியாழக்குறிஞ்சி சௌராட்டிரமாகவும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், அந்தாளிக்குறிஞ்சி சாமாவாகவும் இன்று பாடப்படுகின்றன. பெயரால் உறவினர், செவிக்கு அயலார். உட்பிரிவின் பெயரைக் கொண்டே ஓசையைத் துணிதல் ஆகாதென்பது இதனாற் பெறப்படும்.

புதுக்கோட்டை மாவட்டத்துக் குடுமியான்மலையில் இசைக் கல்வெட்டொன்று உண்டு. அதனை 7ஆம் நூற்றாண்டினதாக அறிஞர் கொள்வர். அக்கல்லில் சாதாரிதம், பஞ்சமம், கைசிகம் என்னும் பெயர்கள் காணப்படுகின்றன. நம் திருமுறையில் சாதாரி, பஞ்சமம், கௌசிகம் உள்ளன. கல்லையும் பதிகத்தையும் ஒருங்கு வைத்து நோக்கற்கு இப்பெயர்களன்றி வாயில் வேறு யாது? திருமுறைப் பதிப்புகளில் இராகத்தின் பெயரே நின்றிருப்பின் அவ்வாயில் அடைபட்டிருக்கும்.

இனிக் கட்டளை. திருஎருக்கத்தம்புலியூரில் யாழ்ப்பாணர் மரபில் வந்த அம்மையார்வழிப் பண்ணடைவு மீண்ட வரலாற்றைத் திருமுறைகண்ட புராணம் கூறும். நட்டபாடைக்கு 8 கட்டளை, தக்கராகத்துக்கு 7, தக்கேசிக்கு 2 எனத் தொகை வகுப்பதும் அந்நூலே. நட்டபாடையை நாட்டை என்பாரும் கம்பீரநாட்டை என்பாரும் தம்முள் வழக்கிடுவர். எப்பெயர் வென்றாலும், அடியின் நடை எட்டாகப் பிரிந்து செல்வதை இராகப் பெயர் காட்டமாட்டாது. பாடுவோன் நாவையும் கைத்தாளத்தையும் நெறிப்படுத்துவது கட்டளை. உட்பிரிவின் பெயர் வீண் என்பார் இதனை ஒருமுறை பாடிப் பார்ப்பாராக.

அங்ஙனமாயின் எல்லாப் பிரிவும் வேண்டுமோ எனின், அன்று. பெரும்பண் 4, திறம் 21 எனத் தொடங்கி, அகநிலை, புறநிலை, அருகியல், பெருகியல் எனக் கிளைத்துப் பண் 103 ஆயின. அவற்றுட் பல இன்று பெயரளவாய் நிற்பன. அவற்றை நெட்டுருச் செய்யாமையால் ஓதுவார்க்குக் குறைவு யாதும் இல்லை. நிகண்டில் கிடப்பன நிகண்டில் கிடக்கட்டும். சென்னைத் தமிழ் இசைச் சங்கம் 1943இல் தோன்றி, 1949 முதல் பண்ணாராய்ச்சிக் கூட்டங்களை நடத்தலாயிற்று. எப்பண் எவ்விராகம் என்பதில் அத்தகைய அறிஞரே ஒருமைப்படாத இடங்கள் உளவாக, நாம் ஒரு சிறு தொகுப்பின் தலைப்பில் அதனை முடிவு செய்துவிடுதல் தகுமோ?

ஆகவே அவ்விளைஞர்க்கு யாம் கூறியது இது: "தம்பி, பண்ணின் பெயரை மேலே பெரிய எழுத்தில் இடுக. பகல், இரவு, பொது என்னும் குறிப்பை அதன் அருகே இடுக. இந்நாளிற் பாடும் இராகத்தைச் சிறிய எழுத்தில் அடியில் இடுக. அது வேறுபடினும் அடுத்த பதிப்பில் மாற்றிக்கொள்ளலாம்." தாள் மிகுதியும் செலவாகுமே என்று கவன்றார். பதிகத்திற்கு ஒரு வரி மிகும், அவ்வளவே என்றோம்.

அவர் இப்போது தக்கேசியின் இரு கட்டளைகளையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டுவார். கேட்பீராக.

திருச்சிற்றம்பலம்.