இரண்டாவது மனைவிக்கு ஒரு காரணம்

1949-க்கு முன்பு மயிலாப்பூரில் ஒரு இந்து ஆண் எத்தனை பெண்களை வேண்டுமானாலும் கட்டிக்கொள்ளலாம். நான்கு என்கிற உச்சவரம்புகூடக் கிடையாது. முதல் மனைவியின் சம்மதம் தேவையில்லை, நீதிமன்றத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியதும் இல்லை. அந்த வருடம்தான் சென்னை மாகாணம் இந்துக்களுக்கு இருதார மணத்தைத் தடைசெய்து, கூடவே விவாகரத்தையும் அனுமதித்து ஒரு சட்டம் போட்டது. ஆறு வருடம் கழித்து, 1955-ல், இந்துத் திருமணச் சட்டம் அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இதெல்லாம் புராண காலத்துச் சமாச்சாரம் இல்லை. எங்கள் தாத்தாக்கள் பள்ளிக்கூடம் போன காலம்.

இதை முதலில் சொல்லிவிடுவதற்குக் காரணம் இருக்கிறது. பலதார மணம் என்று பேச்செடுத்தாலே நம்மூர் இணைய விவாதங்களில் கை தானாக ஒரு பக்கம் நீளும். நீட்டப்பட்டவர்களும் தயாராக ஒரு பதில் வைத்திருப்பார்கள்: “அந்தக் காலத்தில் அதுக்கு ஒரு காரணம் இருந்துச்சு.” எனக்கு இந்த விவாதத்தில் யார் ஜெயிக்கிறார்கள் என்பதைவிட அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் ஆர்வம். காரணம் இருந்தது என்றால், சரி, அதிலிருந்து என்ன பெறப்படுகிறது?

முதலில் அந்தக் காரணங்களை மரியாதையோடு கேட்போம். அவை லேசானவை அல்ல. முகம்மது நபி இருபத்தைந்து வயதில் தன்னைவிட மூத்தவரான கதீஜாவை மணந்தார். கதீஜா வணிகர், ஏற்கெனவே கணவரை இழந்தவர். அவர் 619-ல் இறக்கும்வரை, ஏறக்குறைய கால் நூற்றாண்டு, நபிக்கு வேறு மனைவி இல்லை. மற்ற திருமணங்கள் அதற்குப் பிறகு நடந்தவை. பெரும்பகுதி மதீனாவில், ஒரு சிறு சமூகம் போரும் உடன்படிக்கையுமாக உயிர் பிழைக்கப் பார்த்த பத்து வருடங்களில். 625-ல் உஹது போர். களத்தில் நின்ற முஸ்லிம்கள் ஏறக்குறைய எழுநூறு பேர், இறந்தவர்கள் எழுபது பேர். பத்தில் ஒருவர். ஓய்வூதியம் கிடையாது, காப்பீடு கிடையாது, காவல் நிலையம் கிடையாது. குலத்தின் காவல் போய்விட்டால் ஒரு பெண்ணுக்கு எதுவுமே மிஞ்சாது. உஹதில் பட்ட காயத்தால் அபூ சலமா இறந்தபோது உம்மு சலமாவுக்குக் கையில் குழந்தைகள். பத்ர் போருக்குப் பிறகு கணவரை இழந்த உமரின் மகள் ஹஃப்ஸா. அபிசீனியாவுக்கு அகதியாகப் போய்த் திரும்பி, கணவரை இழந்த சவ்தா. இவர்களையெல்லாம் நபி மணந்தார்.

அடுத்தது அரசியல். முதல் நான்கு கலீஃபாக்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். அபூபக்கரும் உமரும் நபியின் மாமனார்கள். உஸ்மானும் அலியும் மருமகன்கள். உஸ்மான் நபியின் ஒரு மகளை மணந்து, அவர் இறந்தபின் இன்னொரு மகளை மணந்தவர். எதிரணித் தலைவர் அபூ சுஃப்யானின் மகள் உம்மு ஹபீபாவும் நபியின் மனைவியானார். எழுதிக் கையெழுத்துப் போட அரசு என்ற ஒன்று இல்லாத ஊரில் உறவுதான் ஒப்பந்தம். பனூ முஸ்தலிக் குலத்தோடு நடந்த மோதலில் சிறைப்பட்டவர்களில் அந்தக் குலத் தலைவரின் மகள் ஜுவைரிய்யாவும் ஒருவர். நபி அவரை மணந்த செய்தி பரவியதும், “இனி அவர்கள் நபியின் சம்பந்தி வீட்டார், அவர்களை அடிமையாக வைத்திருப்பது எப்படி?” என்று மற்றவர்களும் தங்கள் கைதிகளை விடுவித்தார்கள். நூறு குடும்பங்கள் விடுதலையாயின என்று மரபு சொல்கிறது.

இந்தத் தர்க்கம் நமக்கு அந்நியமாகத் தெரிந்தால் கபாலீஸ்வரர் கோயிலில் சிங்காரவேலர் சன்னதிக்கு ஒரு நடை போய்வரலாம். வள்ளி ஒரு பக்கம், தெய்வானை ஒரு பக்கம். தெய்வானை யார்? சூரபத்மனை வென்று தேவலோகத்தை மீட்டுக் கொடுத்ததற்காக இந்திரன் தன் மகளைக் கொடுத்தான். போர் முடிந்ததும் நடக்கும் கூட்டணித் திருமணம், அவ்வளவுதான். வள்ளி காதல், தெய்வானை ராஜதந்திரம் என்று நம் புராணமே பிரித்துவைத்திருக்கிறது. சோழர்கள் இதைக் கலையாகவே வளர்த்தார்கள். ராஜராஜனின் மகள் குந்தவை கீழைச் சாளுக்கிய விமலாதித்தனுக்கு, ராஜேந்திரனின் மகள் அம்மங்கை அடுத்த தலைமுறை ராஜராஜ நரேந்திரனுக்கு. அந்தக் கிளையில் பிறந்தவன்தான் முதலாம் குலோத்துங்கனாக வந்து சோழ சிம்மாசனத்தில் உட்கார்ந்தான். ராஜராஜனுக்கு மனைவியர் பலர். அதற்காக நாம் யாரும் அவரை ஒழுக்க விசாரணையில் நிறுத்துவதில்லை, படம்தான் எடுக்கிறோம். தன் மாற்றாந்தாய் பஞ்சவன்மாதேவிக்கு ராஜேந்திரன் பழையாறைப் பக்கம் பள்ளிப்படைக் கோயில் கட்டினான் என்று படித்தால் நெகிழ்ந்தும் போகிறோம்.

ஆக, காரணங்கள் உண்மை. பிரச்சினை அடுத்த அடியில் இருக்கிறது. ஒரு விஷயம் ஏன் நடந்தது என்பது ஒரு கேள்வி. அது நடந்தது சரியா என்பது வேறு கேள்வி. இன்றும் நடக்கலாமா என்பது மூன்றாவது. “காரணம் இருந்துச்சு” என்பவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு மூன்று கேள்விக்கும் மதிப்பெண் கேட்கிறார். என் தொழிலில் இது தினமும் பார்க்கிற சங்கதி. பத்து வருடம் முன்பு யாரோ ஒரு வங்கியின் பழைய சர்வருக்காகப் போட்ட ஒட்டுவேலை கோடுக்குள் கிடக்கும். மேலே காரணமும் கமெண்டாக எழுதியிருக்கும். அந்த சர்வர் போய்ச் சேர்ந்து வருடக்கணக்காகியிருக்கும், ஒட்டுவேலை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். காரணத்தை எழுதிவைத்தவர் உண்மையில் நமக்கு ஒரு காலாவதித் தேதியையும் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். போரில் இறந்தவர்களின் மனைவியருக்காக என்று நீங்கள் சொன்னால், அந்தக் காரணம் போரில் இறந்தவர்களின் மனைவியரோடு நின்றுகொள்ள வேண்டும். ஐம்பது வயது வியாபாரி இருபது வயதுப் பெண்ணைக் கட்டும்போது உஹதைக் கூப்பிட முடியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. நான்கு வரை மணக்கலாம் என்கிற குர்ஆன் வசனம் (4:3) அநாதைகளுக்கு நீதி செய்ய முடியாமல் போகுமோ என்ற அச்சத்திலிருந்துதான் தொடங்குகிறது. உஹதின் விதவைகளுக்காக என்பது இன்று பிரபலமான விளக்கம். ஆனால் ஆயிஷா சொன்னதாக புகாரி தொகுப்பில் இருக்கும் விளக்கம் வேறு: தன் பொறுப்பில் இருக்கும் அநாதைப் பெண்ணின் சொத்துக்கும் அழகுக்கும் ஆசைப்பட்டு, உரிய மஹர் கொடுக்காமல் அவளையே மணந்துகொள்ளப் பார்க்கும் காப்பாளர்களைத் தடுக்க வந்தது அது. அவளை விட்டுவிட்டு வேறு பெண்களை மணந்துகொள் என்பதே அதன் தொனி. வரம்பில்லாத ஒரு வழக்கத்துக்கு வரம்பு போட்டு, சமமாக நடத்த முடியாது என்று அஞ்சினால் ஒன்றோடு நில் என்கிறது வசனம். அதே அத்தியாயத்தில் பிறகு (4:129), எவ்வளவு விரும்பினாலும் மனைவியரிடையே உங்களால் முழு நீதி செய்ய முடியாது என்றும் வருகிறது. 1956-ல் துனிசியா பலதார மணத்தைத் தடைசெய்தபோது இந்த இரண்டையும் சேர்த்துவைத்துத்தான் வாதாடினார்கள். மரபான அறிஞர்கள் அதை ஏற்பதில்லை: பின்னதில் சொல்வது மனதின் சாய்வை, முன்னதில் கேட்பது செலவிலும் நேரத்திலும் சமத்துவத்தை என்பார்கள். யோசிக்க வைக்கும் பதில்தான். ஆனால் செலவையும் நேரத்தையுமாவது சமமாகப் பிரிக்கிறார்களா என்று யார் போய்ப் பார்ப்பது?

ஒரு காரணத்தைக் கேட்டதும் நான் தேடுவது: அப்போது வேறு வழி இருந்ததா? இதற்கு இஸ்லாமிய வரலாறே ஒரு பதில் வைத்திருக்கிறது. உமர் கலீஃபாவாக இருந்தபோது வெற்றிகளால் வந்த வருவாயைப் பங்கிட ‘திவான்’ என்ற பதிவேட்டை ஏற்படுத்தி, ஆள்வாரியாக உதவித்தொகை கொடுத்தார். நபியின் மனைவியர் அதில் மேல் வரிசையில் இருந்தார்கள். கஜானா என்று ஒன்று வந்தவுடனே, துணையிழந்த பெண்ணைக் காப்பாற்ற அவளை மணந்துதான் ஆக வேண்டும் என்ற நிலை இல்லாமல் போகிறது. காரணம் காலாவதியாக ஆயிரத்து நானூறு வருடமெல்லாம் ஆகவில்லை, சில வருடங்களே ஆனது.

நம் பக்கத்துக்கு வருவோம். இங்கே சொல்லப்பட்ட காரணம் போரும் இல்லை, ராஜதந்திரமும் இல்லை. பிள்ளை. என் கொள்ளுத்தாத்தாவுக்கு இரண்டு மனைவிகள். வீட்டில் இன்றும் ‘பெரிய பாட்டி’, ‘சின்னப் பாட்டி’ என்றுதான் பேச்சு. ஏன் இரண்டு என்று கேட்டால் ஒரே வரி: பெரிய பாட்டிக்குக் குழந்தை தங்கவில்லை. பெரிய பாட்டியே பெண் பார்த்துவந்தார் என்ற உபரித் தகவலும் பெருமையாகச் சொல்லப்படும். எனக்கு அந்த இடம்தான் உறுத்தும். அவர் என்ன நினைத்திருப்பார் என்பதற்கு ஒரு வரிகூட எங்களிடம் மிச்சம் இல்லை. முறுக்கு நன்றாகச் சுற்றுவார் என்பது மட்டும் தெரியும்.

பம்பாய் மாகாணம் 1946-லேயே இதே போன்ற சட்டம் கொண்டுவந்திருந்தது. அதை எதிர்த்த நரசு அப்பா மாலி வழக்கில் (1951) ‘மகன் இல்லாவிட்டால் இந்துவுக்குக் கதிமோட்சம் இல்லை, அதனால் இரண்டாம் திருமணம் மத உரிமை’ என்று வாதம் வைக்கப்பட்டது. நீதிபதிகளின் பதில் எளிமையானது: தத்து எடுத்துக்கொள்ளலாமே, சாஸ்திரமே அதை அனுமதிக்கிறதே. நம் சட்டமும் அதே வருடம் சென்னை உயர்நீதிமன்றத்தில், சீனிவாச ஐயர் - சரஸ்வதி அம்மாள் வழக்கில், தாக்குப்பிடித்து நின்றது. முஸ்லிம்களுக்கு இல்லாத தடை எங்களுக்கு மட்டும் ஏன் என்ற கேள்விக்கு, அரசு சீர்திருத்தத்தைப் படிப்படியாகச் செய்யலாம் என்றது பம்பாய் நீதிமன்றம். அந்தப் படிகளில் எழுபத்தைந்து வருடமாக நின்றுகொண்டே சண்டை போடுகிறோம்.

தத்து எப்போதும் இருந்த வழி. ஆகவே எங்கள் வீட்டுக் காரணம் அது சொல்லப்பட்ட நாளிலேயே ஓட்டை. மதீனாவின் காரணத்தை ஒரு நாளும் அப்படிச் சொல்லிவிட முடியாது.

சட்டம் வந்தபின் இங்கே என்ன ஆனது? பலதாரம் சட்டத்திலிருந்து போனது, ஊரிலிருந்து போகவில்லை. 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஒட்டிய ஆய்வில் பலதார மணம் இந்துக்களிடையே 5.8 சதவீதம், முஸ்லிம்களிடையே 5.7. பின்னர் குறைந்தது, எல்லோரிடமும் குறைந்தது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 1.9, இந்துக்கள் 1.3. தமிழில் இதற்கென்று ‘சின்ன வீடு’ என்று செல்லப் பெயரே இருக்கிறது. அந்தப் பெயரில் பாக்யராஜ் படம் எடுத்த அதே 1985-ல்தான் ‘சிந்து பைரவி’யும் வந்தது. அதில் சிந்து குழந்தையைப் பெற்று, பிள்ளையில்லாத மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாள். ஊரே கண்கலங்கியது. பிள்ளை என்கிற பழைய காரணம், பட்டுப்புடவை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றும்.

நிஜத்தில் சிந்துக்களுக்குச் சட்டம் என்ன தருகிறது? 1965-ல் உச்ச நீதிமன்றம், இரண்டாவது திருமணம் உரிய சடங்குகளோடு நடந்ததாக நிரூபித்தால்தான் இருதாரக் குற்றம் என்றது. சடங்கில் ஒன்று குறைந்தால் அது திருமணமே இல்லை, ஆகவே குற்றமும் இல்லை. சடங்கு முழுமையாக நடந்திருந்தால் ஆண் குற்றவாளி, ஆனால் திருமணம் செல்லாது. இரண்டிலும் அந்தப் பெண் மனைவி இல்லை. பிள்ளைகளுக்குச் சட்டம் வாரிசுத் தகுதி தருகிறது, அவளுக்கு இல்லை. முஸ்லிம் தனிச்சட்டத்தில் இரண்டாவது மனைவிக்கு மஹர் உண்டு, வாரிசுப் பங்கு உண்டு. சமமாக நடத்தாவிட்டால் விவாகரத்துக் கேட்க 1939-ன் சட்டம் இடம் தருகிறது. இதனால் அது மேல் என்று சொல்லவரவில்லை. ஒன்று பெண்ணை வரிசையில் இரண்டாவதாக நிற்க வைக்கிறது, மற்றது வரிசையிலேயே சேர்ப்பதில்லை. இரண்டையும் ஒரே நேரத்தில் பயன்படுத்தியவர்களும் உண்டு: இரண்டாவது கல்யாணத்துக்காக மட்டும் மதம் மாறிய இந்துக் கணவர்களைப் பற்றியதுதான் 1995-ன் சரளா முத்கல் தீர்ப்பு.

இத்தனை காரணங்களிலும் யார் பேசுகிறார்கள் என்று பார்த்தால் பெரும்பாலும் ஆண்கள். பாரதிய முஸ்லிம் மகிளா ஆந்தோலன் பத்து மாநிலங்களில் 4,710 முஸ்லிம் பெண்களிடம் கேட்டு 2015-ல் வெளியிட்ட ஆய்வில் 91.7 சதவீதம் பேர் கணவனின் இரண்டாம் திருமணம் கூடாது என்றார்கள். இயக்கம் எடுத்த கணக்கு, ஒரு சார்பு இருக்கலாம் என்பார்கள். இருக்கட்டும், பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். புதுக்கோட்டையில் ஷரிஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாத் தொடங்கியதும் இதனால்தான்: பெண்ணின் வழக்கைப் பேச ஆண்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள்.

ஆரம்பகால மரபில் எனக்கு ஆச்சரியம் தருவது அதன் காரணங்கள் அல்ல, காரணங்களுக்கு எதிரான குரல்களையும் அது அழிக்காமல் வைத்திருப்பது. நபி பெண் கேட்டபோது உம்மு சலமா உடனே தலையாட்டிவிடவில்லை. எனக்கு வயதாகிவிட்டது, குழந்தைகள் இருக்கிறார்கள், நான் பொறாமைக்காரி என்று சொல்கிறார். அந்த மூன்றாவதைப் பாருங்கள். இன்னொருத்தியோடு பங்குபோட என்னால் ஆகாது என்பதை ஒரு பெண் நபியிடமே சொல்கிறார், அதைப் பதிவும் செய்கிறார்கள். எங்கள் பெரிய பாட்டிக்கு அந்த ஒரு வரி வாய்க்கவில்லை.

இன்னொன்று, புகாரியில் இருப்பது. அபூ ஜஹலின் மகளை அலிக்குக் கட்டிக்கொடுக்க அந்தக் குடும்பம் அனுமதி கேட்கிறது. அலியின் மனைவி நபியின் மகள் ஃபாத்திமா. நபி மேடை ஏறி, அனுமதிக்க மாட்டேன் என்கிறார். மறுபடியும் மாட்டேன் என்கிறார். அவள் என்னில் ஒரு பகுதி, அவளைப் புண்படுத்துவது என்னைப் புண்படுத்துவது என்கிறார். ஆகுமானதை நான் தடுக்கவில்லை, ஆனால் இறைத்தூதரின் மகளும் இறைவனின் எதிரியின் மகளும் ஒருவரிடத்தில் சேர முடியாது என்றும் சொல்கிறார். அது நபியின் மகளுக்கு மட்டுமான விதிவிலக்கு என்று உரைகாரர்கள் பலர் எழுதியிருக்கிறார்கள். இருக்கலாம். ஒரு அரசியல் கூட்டணிக்கு அதுவும் நல்ல காரணம்தான், மக்காவின் பெரிய குடும்பம் அது. ஃபாத்திமா உயிரோடு இருந்தவரை அலி இன்னொரு திருமணம் செய்துகொள்ளவில்லை.