முனி நிற்கும் மரம்

இலங்கை மலையகத் தோட்டமொன்றில் தேயிலை மலைகளின் ஓரமாக நடந்தால், எங்காவது ஒரு முதிர்ந்த மரம் தனித்து நிற்பதைக் காணலாம். அதன் வேரடியில் குங்குமம் அப்பிய ஒரு கல், துருவேறிய இரண்டு சூலங்கள், தண்டைச் சுற்றிக் கட்டிய சிவப்புத் துணி, கற்பூரம் எரிந்த கரி. முனியாண்டியோ மாடசாமியோ குடியிருக்கும் இடம் அது. சுற்றியிருந்த மரங்கள் விறகுக்கும் பலகைக்கும் விழுந்திருக்கும். அது மட்டும் விழாமல் நிற்கும். தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களில் வாழும் மக்கள் அதில் கத்தி வைப்பதில்லை. துரைமாரும் அதைத் தொடத் தயங்குவார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவோர் உண்டு. எளிய மக்களின் இயற்கை நேசம் என்று மெச்சுவோரும் உண்டு. இரு சாராரும் அந்த மரம் சொல்லும் முக்கியமான செய்தியைக் காணத் தவறுகிறார்கள். தோட்டத்தில் ஒரு சாண் நிலமும் சொந்தமில்லாதிருந்த மக்கள், ‘இதை வெட்டக் கூடாது’ என்று சொல்லி, அந்தச் சொல் எடுபட்ட இடம் அது. மரம் காப்பது அறம் என்று பல சமயங்களும் சொல்கின்றன. அந்த அறத்தைச் செய்வதற்கு ஒருவருக்கு முதலில் என்ன இருக்க வேண்டும்? முனிமரத்தடியில் எழும் கேள்வி இதுதான்.

இந்த மலைகளின் வரலாற்றைப் பார்த்தால் கேள்வி இன்னும் கூர்மையாகும். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், உரித்தை நிரூபிக்க முடியாத நிலத்தையெல்லாம் அரசுக்குரியதாக்கியது. அந்த நிலம் தோட்டத்துரைமாருக்கு விற்கப்பட்டது. தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்தவர்கள் கோப்பிக்காக இந்தக் காடுகளை வெட்டிச் சாய்த்தார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்தது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிய தேயிலை மலைகளெங்கும் பரவியது. 1870களில் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரையைத் தொடர்ந்து, 5,000 அடி உயரத்துக்கு மேற்பட்ட அரச காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. ஆறுகளின் ஊற்றுக்கண்கள் தப்பியது பெரும் நன்மைதான். ஆனால் அந்தக் கோட்டுக்குக் கீழே சரிவுகளில் வாழ்ந்தவர்களைப் பற்றி யாரும் எந்தக் கோடும் போடவில்லை. காட்டை வெட்டிய அதே கைகள் பின்னர் நிழலுக்குக் கிரவீலியாவையும் முள்முருங்கையையும் நட்டன; கானு என்னும் வடிகால் வெட்டி மண்ணைத் தடுத்தன. தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாகின. 1992இல் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போயின. தோட்டங்கள் இத்தனை கைகள் மாறியும், மரத்தை நட்டவர்களின் பெயர் அந்தக் காணி உறுதிகளில் ஏறவில்லை. அதற்கு முன்பே, 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்துக்குப் பின், அவர்களிற் பெரும்பாலோருக்கு நாடே இல்லாமற் போயிற்று.

மரம் காக்கும் இந்த அறத்தைச் சமயத்தின் கண்ணால் பார்க்க, இலங்கையில் பலரும் மதிக்கும் மரபின் ஒரு கதையையே எடுத்துக்கொள்ளலாம். பௌத்த விநய நூலில் வருவது அது. ஆளவி நகரில் துறவி ஒருவர் குடிலுக்காக மரம் வெட்டுகிறார். அதில் குடியிருந்த தேவதை, ‘உங்கள் வீட்டைக் கட்ட என் வீட்டை வெட்டாதீர்கள்’ என்று மன்றாடுகிறது. அவர் கேளாமல் வெட்ட, தேவதையின் குழந்தையின் கையில் அடி விழுகிறது. தேவதை புத்தரிடம் முறையிடுகிறது. ஓரறிவு உயிரைத் துறவிகள் துன்புறுத்துவதா என்று ஊராரும் பழிக்கிறார்கள். தாவரங்களைத் துறவியர் அழிக்கலாகாது என்ற விதி பிறக்கிறது. புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுத்த தொல்காப்பியத்தின் பார்வையும், தாவரத்தை எழுவகைப் பிறப்பில் ஒன்றாக எண்ணும் சைவத்தின் பார்வையும் இதனோடு ஒத்துப்போகின்றன. எனினும் பலரும் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி கதையில் இருக்கிறது. விதி வகுப்பதற்கு முன்பே, இன்ன இடத்தில் ஒரு மரம் காலியாக இருக்கிறது, அங்கே போய்க் குடியிரு என்று புத்தர் அந்தத் தேவதைக்கு வழிகாட்டுகிறார். குடியிருப்பவருக்கு இடம் கொடுத்த பிறகுதான் மரத்துக்கு விதி வருகிறது. மரத்தின் மீதான இரக்கமும் அதில் வாழ்பவருக்கான நீதியும் ஒரே தீர்ப்பின் இரு பகுதிகள் என்றே இதை நான் வாசிக்கிறேன்.

இந்த அளவுகோலைப் பதுளை மாவட்டத்துக் கொஸ்லாந்தையின் மீரியபெத்தைத் தோட்டத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அது மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டது. மக்கள் வெளியேற வேண்டும் என்று சொல்லப்பட்டது. எச்சரிக்கை இருந்தது, போய்க் குடியேற வீடு இருக்கவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் மழையில் நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களின் சரிவுகள் மறுபடியும் உயிர்களைக் கொண்டுபோயின. காட்டு மரங்களின் ஆழவேர்கள் மண்ணைப் பிடித்திருந்த இடத்தில், வெறும் சரிவையும் தூர்ந்துபோன கானுகளையும் மழை எளிதில் பெயர்த்துவிடும். கானு தூர்ந்திருக்கிறது, மேட்டில் வெடிப்பு விட்டிருக்கிறது என்பதை முதலில் காண்பவர் அந்த மலையில் கொழுந்து பறிப்பவர். பார்த்ததைச் சொல்ல அவருக்கு வாய் உண்டு. சொன்னபடி நடக்கச் செய்ய அதிகாரம் இல்லை.

முனிமரத்தைச் சட்டப் பேச்சில் சேர்ப்பதா, அது வெறும் நம்பிக்கையல்லவா என்று கேட்கலாம். இந்தியாவில் இதற்கு ஒரு முன்னுதாரணம் உண்டு. ஒடிசாவின் நியம்கிரி மலையை டோங்கிரியா கோந்து மக்கள் தங்கள் நியம ராஜாவின் இருப்பிடமாக வணங்குகிறார்கள். அங்கே பொக்சைற் வெட்டும் திட்டம் வந்தபோது, அந்த வழிபாட்டு உரிமையைக் கிராம சபைகள் ஆராய வேண்டும் என்று 2013இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு கிராம சபைகளும் திட்டத்தை மறுத்தன. சாமி உண்டா இல்லையா என்று நீதிமன்றம் விசாரிக்கவில்லை. அந்த மலையோடு அந்த மக்களுக்கு உள்ள உறவை அவர்களே சொல்லட்டும் என்று விட்டது. நம் தோட்டங்களிலும் ஆலை இயந்திரத்தின் ரோதமுனி, செடி கத்தரிப்பின் கவ்வாத்துச் சாமி என்று தொழிலையும் மண்ணையும் சுற்றியே வழிபாடு வளர்ந்திருக்கிறது. உறுதிப்பத்திரம் மறுக்கப்பட்ட மக்கள், தங்கள் உறவைப் பதிந்துவைத்த பதிவேடாகத்தான் அந்த வழிபாட்டைக் கொள்ள வேண்டும்.

இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கடினமானது. விறகுக்கு மரத்தை வெட்டுபவர்களும் மக்கள்தானே, சுருக்குக் கம்பி வைப்பவர்களும் மக்கள்தானே, காணி கொடுத்தால் மிச்சக் காடும் போகாதா என்று கேட்கிறார்கள். 2020 மே மாதத்தில் மலையகத்தின் நல்லதண்ணிப் பக்கம் சுருக்கில் சிக்கிய கருஞ்சிறுத்தை இறந்தது உண்மை; அந்த இழப்பை எந்த வறுமையும் நியாயப்படுத்தாது. ஆனால் உரிமையில்லாத இடத்தில் பொறுப்பும் வேர் பிடிப்பதில்லை. 1973இல் வட இந்தியாவின் சாமோலி மாவட்டத்துக் கிராமத்தவர் ஏருக்கும் கருவிகளுக்கும் கேட்ட ‘அங்கு’ என்னும் மரம் மறுக்கப்பட்டு, விளையாட்டுப் பொருள் செய்யும் கம்பனிக்குக் கொடுக்கப்பட்டது. அந்த அநீதியிலிருந்துதான் சிப்கோ இயக்கம் எழுந்தது. மறுக்கப்பட்ட அதே மக்கள் மரங்களைக் கட்டியணைத்துக் காத்தார்கள். மரம் தங்களுடையது என்ற எண்ணம் அவர்களைக் கோடரிக்காரர்களாக்கவில்லை, காவலர்களாக்கியது. அதோடு, மரப் பொறுப்பைப் பற்றிக் கணக்குக் கேட்கும்போது, லய அறையான காம்பராவில் அடுப்பெரிக்க விறகு பொறுக்கும் பெண்ணிடமிருந்து தொடங்குவது நேர்மையாகாது.

மரமே பகையாகும் நேரமும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. கொழுந்து பறிக்கும் நேரத்தில் மரத்திலிருக்கும் கூடு கலைந்து குளவி கொட்டித் தொழிலாளர்கள் இறக்கிறார்கள். காற்றுக்காலத்தில் முதிர்ந்த மரங்கள் லயக் கூரை மீது விழுகின்றன. மரத்தைக் காப்போம் என்பது அவர்கள் காதில் தங்கள் உயிரை விடப் பெரிய பேச்சாக ஒலித்தால் குற்றம் அவர்களுடையதல்ல. எது நிழல், எது ஆபத்து என்று தெரிந்தவர்கள் அந்த மரத்தடியில் வாழ்பவர்களே. எதை வெட்டுவது, எதை வைப்பது, கூடு கட்டிய மரத்தை எப்போது கையாள்வது என்ற முடிவில் அவர்களுக்கு இடம் வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் இல்லை.

2023இல் மலையகத் தமிழர் வந்து இருநூறு ஆண்டுகளானதை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்தவர்கள், காணி உரிமையையும் கோரிக்கையாக முன்வைத்து நடந்தார்கள். சூழல் ஆர்வலர்கள் அந்தக் கோரிக்கையைத் தங்களுடையதாகவும் கொள்ள வேண்டும். ஒவ்வொரு தோட்டத்திலும் நிர்வாகம் மரம் வெட்டும், நடும் முடிவுகளை லயத்து மக்களின் குழுவோடு சேர்ந்து எடுக்கட்டும். சரிந்த மலைகளில் நாட்டு மரங்களை நடும் வேலை கூலியோடு அவர்களுக்குக் கிடைக்கட்டும். வீட்டுக்குக் காணி அளக்கும்போது, ஊருக்குப் பொதுவான மரத்தோப்புக்கும் நிலம் அளக்கட்டும். ஆபத்தான சரிவிலிருந்து மக்களை வெளியேற்றும் முன் போக வேண்டிய இடத்தைக் காட்டட்டும். ஆளவித் தேவதைக்குக் கிடைத்த அந்த நீதிக்கு மீரியபெத்தை மக்களும் உரியவர்கள். இருநூறு ஆண்டுகளில் முனி ஆங்காங்கே ஒவ்வொரு மரத்தைக் காத்துத் தந்திருக்கிறார். மிச்ச மலையைக் காக்கும் பொறுப்பை மக்களிடம் கேட்பவர்கள், அதற்கான உரிமையை முதலில் எழுதிக் கொடுக்க வேண்டும்.