வராத வண்டிக்கு வாக்குக் கொடுத்தல்

ஆலையில் இன்னும் உருவாகாத ஒரு பொருளுக்கு இன்றே முன்பணம் கட்டலாமா? கட்டினால் அஃது எப்பொழுது கைக்கு வரும்? வருமென்று சொல்லப்பட்ட நாளில் வராவிட்டால் யாரை நோவது? இக்கேள்விகள் வாணிபத்தைச் சேர்ந்தவை என்றே பலரும் எண்ணுகின்றனர். சற்று ஆழ்ந்து நோக்கினால் இவை அறத்தையும் சேர்ந்தவை என்பது விளங்கும். முன்பதிவு என்பது இருவர் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்ளும் வாக்கு. ஒருவன் பணத்தையும் பொறுமையையும் தருவதாகச் சொல்கிறான். மற்றவன் பொருளையும் அதற்குரிய நாளையும் தருவதாகச் சொல்கிறான். எதிர்காலமோ இருவர் கையிலும் இல்லை. கையில் இல்லாததைப் பற்றி மனிதன் எவ்வளவு தூரம் வாக்களிக்கலாம் என்பதே ஈண்டு நாம் ஆராயப் புகும் விஷயம்.

ஜொகூரில் வாழும் நமக்கு மோட்டார் வண்டி இன்று வெறும் ஆடம்பரப் பொருளாக இல்லை. குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி வட்டாரத் தோட்டங்களிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்லவும், பிள்ளைகளை இடைநிலைப் பள்ளிக்கு அனுப்பவும், பொழுது விடியுமுன் ஜொகூர் பாருவுக்கோ கடற்பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கோ வேலைக்குப் போகவும் வண்டி வேண்டியிருக்கிறது. பஸ் ஓடும் சாலை தோட்டத்து வாசலிலிருந்து வெகு தூரத்தில் உள்ள இடங்களும் உண்டு. வீட்டுக்கு அடுத்தபடியாக உழைப்பாளி ஒருவன் தன் வாழ்நாளில் வாங்கும் பெரிய பொருள் இதுவே. ஒன்பது ஆண்டுவரை நீளும் தவணைக் கடனுக்குக் கையெழுத்திட்டு இதனை வாங்குகிறான். ஆகவே, பதிவதா, பொறுப்பதா என்னும் ஐயம் அவனுக்கு விளையாட்டன்று. குடும்பத்தின் நன்மை தீமையே அதில் அடங்கியிருக்கிறது.

அண்மைக் காலத்தில் நம் நாட்டில் நடந்ததை நோக்குவோம். கொரோனா நோயால் வாணிபம் படுத்துவிட்ட 2020-ஆம் ஆண்டில், ஜூன் 15 முதல், மலேசிய அரசாங்கம் மோட்டார் வண்டிகளுக்குரிய 10 விழுக்காட்டு விற்பனை வரியில் சலுகை வழங்கியது. உள்நாட்டில் பொருத்தப்படும் வண்டிகளுக்கு முழு விலக்கு. வெளிநாட்டிலிருந்து முழுதாக இறக்கப்படுவனவற்றுக்குப் பாதி விலக்கு. முதலில் அவ்வாண்டு இறுதிவரை என்றிருந்த சலுகை மும்முறை நீட்டிக்கப்பட்டு, 2022 ஜூன் 30-இல் முடிந்தது. சலுகை முடியுமுன் பதிந்துவிட வேண்டுமென்று ஜனங்கள் விற்பனைக் கூடங்களை மொய்த்தனர். முன்பதிவுகள் குவிந்தன, வண்டிகள் வரவில்லை. அந்த ஜூன் மாதத்தில் ஏறத்தாழ 264,000 முன்பதிவுகள் நிறைவேறாமல் கிடந்தன. ஆகவே, ஜூன் 30-க்குள் முன்பதிவு செய்தவர்களின் வண்டி 2023 மார்ச் 31-க்குள் சாலைப் போக்குவரத்து இலாகாவில் பதிவு பெற்றால் சலுகை உண்டென்று அரசாங்கம் கெடுவை நீட்ட வேண்டியதாயிற்று.

இத்தாமதத்தின் காரணம் யாது? இன்றைய கார் ஒன்றில் குறைகடத்திச் சில்லுகள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் விற்பனை வீழ்ந்தபோது கார் நிறுவனங்கள் பல தாம் கேட்டிருந்த சில்லுகளை வேண்டாமென்று சொல்லிவிட்டன. சில்லு ஆலைகள் தம் இயந்திரங்களைக் கணினிக்கும் தொலைபேசிக்கும் திருப்பிக்கொண்டன. ஆண்டிறுதியில் கார்களுக்கு மீண்டும் கிராக்கி ஏற்பட்டபோது, வாக்கை முறித்த நிறுவனங்கள் வரிசையின் கடைசியில் நிற்க நேர்ந்தது. 2021 மார்ச்சில் ஜப்பானில் ரெனேசாஸ் நிறுவனத்தின் சில்லு ஆலை ஒன்றில் தீப்பிடித்தது. அவ்வாண்டு ஜூன் 1 முதல் மலேசியாவில் முழு நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ராவாங்கிலும் தஞ்சோங் மாலிமிலும் கார் ஆலைகள் வேலை நிறுத்தி வாளாவிருந்தன.

இவ்விடத்தில் நம் மாநிலத்தின் பெயரும் வருகிறது. உலகத்துச் சில்லுகளைப் பொதிந்து சோதிக்கும் வேலையில் ஏறத்தாழ 13 விழுக்காடு மலேசியாவில் நடைபெறுகிறது என்பர். அவ்வேலை நடக்கும் ஆலைகளுள் ஒன்று மூவாரில் இருக்கிறது, எஸ்.டி. மைக்ரோஎலெக்ட்ரானிக்ஸ் என்னும் ஐரோப்பிய நிறுவனத்துக்கு உரியது. 2021-ஆம் ஆண்டின் நடுவில் அவ்வாலைத் தொழிலாளரிடையே நோய் பரவியது. ஆகஸ்டில் ஆலையின் சில பகுதிகள் மூடப்பட்டன. உடனே சீனாவிலும் பிற தேசங்களிலும் கார் செய்வோர் கலங்கினர். மூவாரில் ஒரு தொழிலாளி காய்ச்சலில் படுத்தால் கடல் கடந்த நாட்டில் ஒரு கார் அரைகுறையாக நிற்கிறது. உலகம் அவ்வளவு நெருங்கிப் பின்னப்பட்டிருக்கிறது.

விற்பனைக் கூடத்தில் நின்று, "என் வண்டி எங்கே?" என்று சினந்து கேட்கும் நாம், அக்கேள்வி இறுதியில் யாரிடம் போய்ச் சேருகிறது என்பதை எண்ணுகிறோமா? மேசைக்கு அப்பாலிருக்கும் விற்பனையாளனிடம் அது நிற்பதில்லை. ஆலைக்குப் போகிறது, ஆலையிலிருந்து சில்லு செய்யும் இடத்துக்குப் போகிறது, அங்கே நோயோடு போராடும் ஓர் ஆணின் அல்லது பெண்ணின் படுக்கையருகே சென்று நிற்கிறது. அவர்கள் நலம் பெறும்வரை பொறுப்பதைத் தாமதம் என்று கணக்கில் எழுதலாம். குற்றம் என்று எழுதலாகாது. உழைப்பாளியின் உடலை வருத்தித்தான் நம் நாள் காப்பாற்றப்பட வேண்டுமென்றால், அந்த நாள் தவறுவதே மேல். தோட்டத்தில் வாழ்ந்து, நாள் தவறாத வேலைக்கு நம் முன்னோர் கொடுத்த விலையை அறிந்த நாம் இதனை மறக்கலாமா?

எல்லாத் தாமதமும் இவ்வகையின என்று சொல்ல வரவில்லை. மனிதர் ஏற்படுத்தும் தாமதமும் உண்டு. இந்தியாவில் ஒரு காலத்தில் எத்தனை வண்டி செய்யலாம் என்பதற்கு அரசாங்கத்தின் லைசென்ஸ் வேண்டியிருந்தது. அதனால் பஜாஜ் ஸ்கூட்டருக்குப் பதிந்தவர்கள் பல ஆண்டுகள், சில வேளை பத்தாண்டு வரையிலும், காத்திருந்தனர். முறை வந்தவர்களுள் சிலர் அம்முறையையே கூடுதல் விலைக்கு விற்றனர். பொருள் அரிதாகும்போது வரிசையில் நிற்கும் இடமே ஒரு சரக்காகிவிடுகிறது. தாமதம் முற்றாத முடிவாவதும் உண்டு. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் செய்வதை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சென்னையை அடுத்த மறைமலை நகர் ஆலையில் 2022-இல் உற்பத்தி நின்றது. ஆகவே, பதிகிறவன் தாமதத்தை மட்டுமன்று, இல்லாமையையும் எண்ணிப் பார்த்தே பதிய வேண்டும்.

இப்படியிருக்க, விற்பவனுடைய கடமை யாது? அறியாததை அறிந்ததாகச் சொல்லாமையே அவனுடைய முதற்கடமை. "அடுத்த மாதம் வந்துவிடும்" என்பது மூன்று சொல்லில் வாயிலிருந்து வந்துவிடும். அதனை நம்பிப் பழைய வண்டியை விற்றவன் பல மாதம் நடக்கிறான். நாள் தெரியாவிட்டால் தெரியாதென்று சொல்வதால் ஒருகால் வாணிபம் குறையலாம்; மானம் குறையாது. நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் அமைந்த நடுவர் மன்றமும் இருக்கின்றன. ஏமாற்றப்பட்டவன் அங்கே செல்வது அவன் உரிமை. எழுத்தில் வாங்காத வாக்கை மன்றத்தில் நிலைநாட்டுவது கடினமாகையால், நாளையும், நாள் தவறினால் முன்பணம் திரும்பும் விதத்தையும் தாளில் எழுதி வாங்குதல் அவசியம்.

வாங்குகிறவனுடைய கடமையைப் பற்றிப் பேசுவோர் குறைவு. ஒரே வண்டிக்கு இரண்டு மூன்று முகவர்களிடம் பதிந்துவைத்து, முந்தி வந்ததை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கைவிடுவதைச் சாமர்த்தியம் என்று சிலர் கொண்டாடுகின்றனர். வண்டி தேவையில்லாதிருந்தும், வரி மிச்சமாகிறதென்று வரிசையில் புகுந்தோரும் உண்டு. வரிசை எல்லாருக்கும் ஒன்றே. ஆனால் காத்திருத்தல் எல்லாருக்கும் ஒன்றன்று. வீட்டில் வேறொரு கார் நிற்பவன் ஆறு மாதம் பொறுத்தால் அவனுக்கு ஆசைதான் தள்ளிப்போகிறது. மனைவியையும் குழந்தையையும் பழைய மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மழையில் ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் ஆறு மாதம் பொறுத்தால் ஒவ்வொரு நாளும் அபாயம். முன்னவன் தன் பொய்ப்பதிவுகளால் பின்னவனைப் பின்னுக்குத் தள்ளுவது சட்டப்படி குற்றமாகாமல் இருக்கலாம். அறத்தின் முன் அதற்கு வேறு பெயர் இல்லை. அது பிறன் நேரத்தைத் திருடுதல்.

திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்துசெயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று நான்கு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அரசனுக்கு உரைத்த அம்முறை குடிமகனுக்கும் பொருந்தும். செய்யத் தக்கதா என்று முதலில் தெரிய வேண்டும். தாங்கும் வலி நமக்குண்டா என்று பிறகு அளக்க வேண்டும். அதன் பின்னரே காலம் வருகிறது. நம்மவரோ முறையைத் தலைகீழாக்கிக் காலத்தை முதலில் வைக்கின்றனர். அதிலும் பஞ்சாங்கத்துக் காலத்தை! வண்டி வரும் மாதமே தெரியாதபோது, அதை எடுக்க நல்ல நாளும், பதிவெண்ணுக்கு ராசியான கூட்டுத்தொகையும் தேடி அலைகின்றனர். இராகுகாலத்துக்கு ஒதுங்கி நிற்பவன் தவணையின் வட்டிக்கு ஒதுங்கி நிற்பதில்லை! காலமறிதல் என்பது தன் தேவையும் தன் வலிமையும் கூடும் வேளையை அறிதலே; கோள்களைக் கேட்டு அறிவதன்று.

தோட்ட அலுவலகத்தில் கணக்கெழுதும் நம் போன்றோர் இதைத் தினந்தோறும் செய்து வருகிறோம். உரத்துக்குக் கேட்புத் தாள் எழுதுமுன் கிடங்கில் எவ்வளவு இருக்கிறது, அஃது எத்தனை நாளைக்கு வரும் என்று பார்க்கிறோம். லாரி எப்பொழுது வரும் என்பது நம் வசத்தில் இல்லை. கையிருப்பு நம் வசத்தில் இருக்கிறது. வண்டிக்கும் இதுவே அளவுகோல். சொன்ன நாளுக்குப் பின் இன்னும் அத்தனை காலம் கழிந்தாலும் இப்போதுள்ள வண்டியையோ, பஸ்ஸையோ, அண்டை வீட்டார் உதவியையோ கொண்டு சமாளிக்க இயலுமா? இயலுமாயின் பதியலாம். இயலாதாயின், ஓடிப் பழகிய நல்ல வண்டி ஒன்றை இன்றே வாங்குவது புத்தி. புதியதன் பளபளப்பு அதில் இராது. பிள்ளை பள்ளிக்குப் போய்ச் சேருவாள்.

"நாளை நிச்சயமில்லை என்று எல்லாரும் ஒதுங்கினால் உலகில் எக்காரியம் நடக்கும்?" என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ரப்பர்க் கன்றை நட்டவன் பால் எடுக்க ஐந்தாறு ஆண்டு காத்திருக்கிறான். இடையில் விலை வீழலாம், நோய் தாக்கலாம். ஆயினும் நட்டான், நட்டதனால்தான் ஜொகூர் காடு தோட்டமாயிற்று. ஆனால் அவன் அந்த ஐந்தாறு ஆண்டுக்கும் சோற்றுக்கு வழி தேடிக்கொண்டே நட்டான் என்பதையும், மரம் வளரவில்லையே என்று கன்றை வைது பயனில்லை என அறிந்திருந்தான் என்பதையும் மறத்தல் கூடாது. நிச்சயமின்மை செயலைத் தடுக்க வேண்டியதில்லை. செயலுக்கு ஓர் அளவைக் கற்பித்தால் போதும்.

சில்லுத் தட்டுப்பாட்டின் கடுமை தணிந்துவிட்டது. எனினும் ஏதாவதொரு காரணத்தால் ஆலைகள் மீண்டும் தடுமாறும். வரிசைகள் மீண்டும் நீளும். அப்பொழுது "வண்டி எப்பொழுது வரும்?" என்று முகவரைக் கேட்குமுன் மூன்று கேள்விகளை நம்மையே கேட்டுக்கொள்வோம். இது நமக்கு வேண்டுமா? வராவிட்டால் தாங்குவோமா? நாம் நிற்கும் இடம் நம்மிலும் தேவையுள்ள ஒருவனுக்கு உரியதா? முதல் இரண்டுக்கும் விடை தெளிந்தவன் ஏமாறுவது அரிது. மூன்றாவதற்கும் நேர்மையாக விடை சொல்பவன் பிறரை ஏமாற்றவும் மாட்டான். கொடுத்த வாக்கைக் காப்பது எவ்வளவு பெருமையோ, காக்க எண்ணாத வாக்கைக் கொடாதிருப்பதும் அவ்வளவு பெருமை என்க.